குர்துபாவுக்குக் கண்ணீர், கல்லுப்பள்ளிக்குக் கடப்பாரை!

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் இரவு, ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரத்தின் பெரும் பள்ளியில் தீப்பற்றியது. துப்புரவு எந்திரம் ஒன்றிலிருந்து எழுந்த தீ, அல்-மன்சூர் விரித்துக் கட்டிய பகுதியின் ஓரத்திலிருந்த சிற்றாலயம் ஒன்றின் கூரையைத் தின்றது. தீயணைப்புப் படையினர் சில மணி நேரத்தில் அதனை அடக்கினர். தூண்களின் பெருங்காடு தப்பியது. அச்செய்தி வந்து சேர்ந்தபோது நம்மவர் பட்ட துயரத்தை என்னென்பது! கைப்பேசிகளெல்லாம் புலம்பின. அந்தலூஸின் பெருமை மீண்டும் ஒருமுறை மேடையேறியது. இழந்தோமே என்ற ஏக்கம் எங்கும் ஒலித்தது.

அத்துயரம் பொய்யன்று. நாமும் அதிற் பங்கு கொண்டவரே. மதரஸாவில் அபுல் பகா அர்-ருந்தியின் இரங்கற்பாவை ஓதிக் கண் கலங்கியவர்கள் நாம். அல்லாமா இக்பால் 1933இல் குர்துபாவுக்குச் சென்றதையும், 'மஸ்ஜிதே குர்துபா' என்னும் பாடல் பிறந்ததையும் மாணவர்க்கு எடுத்துரைத்தவர்கள் நாம். ஆயினும் ஒரு வினா நெஞ்சை அறுக்கிறது. கடல் பல கடந்து நிற்கும் கல்லுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் தெருமுனையில் நம் பாட்டனார் நிறுத்திய கல்லை என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

நாம் இளமையில் ஓதிய கடற்கரையூரில் ஒரு கல்லுப்பள்ளி இருந்தது. உள்பள்ளியில் வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள்; அவற்றின் தலையில் மலரிதழ் செதுக்கிய போதிகைகள்; அவற்றின் மேல் கல் உத்தரங்கள்; அதற்கும் மேல் பாவுகல் பரப்பிய கூரை. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதிலும் அங்கே தரை குளிர்ந்திருக்கும். பின்னாளில் அவ்வூரிலேயே ஆசிரியராகப் பணியேற்றோம். நிருவாகத்தார் ஒரு நாள் கூடி, பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்டுவதென முடிவு செய்தனர். மூன்று வாரத்தில் கடப்பாரைகள் வேலையை முடித்தன. தூண்களிற் சில ஒப்பந்தக்காரர் கணக்கிற் போயின. ஒரு போதிகை, மலர்முகம் கீழாகக் கவிழ்க்கப்பட்டுச் சாக்கடையின் மேல் பாலமாகக் கிடந்தது. நாள்தோறும் அதனைத் தாண்டி மதரஸாவுக்குச் சென்றோம். அன்று நாம் வாய் திறக்கவில்லை. ஊதியம் தருவோரை எதிர்த்துப் பேச நா எழவில்லை. அந்த மௌனத்திற்குக் கழுவாய் தேடியே இதனை எழுதுகிறோம். எனவே இக்கட்டுரையிற் காணும் சினம் பிறர்மீது மட்டும் எழுந்ததன்று.

பேராலயமாய் நிற்கும் பள்ளி

குர்துபாவைப் பற்றிப் பேசுவோர் பலர் அதன் வீழ்ச்சியை அறிவர். அது எவ்வாறு இத்தனை காலம் நின்றது என்பதை அறியார். அறிய வேண்டியது பின்னதே.

ஹிஜ்ரி 169இல், அதாவது 785–86இல், முதலாம் அப்துர் ரஹ்மான் அதற்கு அடிகோலினார். 1236இல் மூன்றாம் பெர்னாந்து மன்னர் நகரைக் கைப்பற்றியதும் அது கிறித்தவ ஆலயமாயிற்று. இன்றும் அது குர்துபா மறைமாவட்டத்தின் பேராலயமே. 2006இல் மறைமாவட்டம் அதனைத் தன் உடைமையாகப் பதிவு செய்துகொண்டதும், அதுபற்றி ஸ்பெயின் நாட்டவரே வழக்காடி வருவதும் தனிக்கதை. முஸ்லிம்கள் அங்கே தொழ இசைவில்லை என்பதும் நம் நெஞ்சில் முள்ளே. உரிமை பற்றிய அவ்வழக்கிற்குள் நாம் ஈண்டுப் புகவில்லை. கட்டடத்தைக் காக்கும் கடமை பற்றியே பேசுகிறோம். ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது எனத் திருமறை பணித்திருக்க, காத்தவர் எவராயினும் காத்தனர் என்று சொல்வதே நமக்கு அழகு.

அப்பள்ளியின் சுவர்கள் அந்நிலத்திற் கிடைக்கும் ஒருவகைக் கல்லால் ஆனவை. பண்டைக் கடலின் சிப்பித் துகளும் மணலும் இறுகிப் பிறந்த மென்மையான சுண்ணாம்புக்கல் அது. தேன் நிறமுடையது, உளிக்கு எளிதில் இணங்குவது. அதே மென்மையால் மழைக்கும் உப்புக்கும் எளிதில் இரையாவது. நுண்துளைகளின் வழியே நீர் ஏறும். நீருடன் உப்பு ஏறும். நீர் உலர, உப்பு படிகமாகிக் கல்லின் தோலை உள்ளிருந்து உந்தித் தள்ளும். இன்று ஒரு விரல் தடிப்பும் நாளை மற்றொரு விரல் தடிப்புமாகக் கல் மாவாய் உதிரும். இத்தகைய கல்லாலான சுவர் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு மேல் நிற்கிறதென்றால், தலைமுறை தவறாமல் எவரோ அதன் நோயைப் பார்த்து வந்திருக்கின்றனர் என்பதே பொருள்.

அவர்களிற் சிலரை நாம் அறிவோம். மேற்கு வாயில்களுள் மிகப் பழமையானது வஸீர்களின் வாயில். அதன் நெற்றியிலுள்ள கூஃபி எழுத்து, ஹிஜ்ரி 241இல் அமீர் முஹம்மது அவ்விடத்தைப் புதுக்கி உறுதிப்படுத்தியதைக் கூறுகிறது. கட்டி எழுபது ஆண்டு ஆகும்போதே பழுதுபார்ப்பு, அதற்கொரு கல்வெட்டு! பின்னர் ஹிஜ்ரி 346இல், அதாவது 958இல், மற்றோர் இடர் வந்தது. வளைவுகளின் பாரம் முற்றத்துப் பக்கமுள்ள முகப்புச் சுவரை வெளியே தள்ளிற்று. கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் காலம் அது. மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் புதுநகரையே எழுப்பிய செல்வர் அவர். சாய்ந்த சுவரை இடித்தெறிந்து பளிங்கால் எழுப்ப அவரிடம் பொன்னில்லையா? அவர் செய்தது வேறு. பழஞ்சுவரை நிற்கவிட்டு, அதற்கு முட்டுக் கொடுக்கும் வகையில் முன்புறம் புதுச்சுவர் ஒன்றை அணைத்துக் கட்டினார். பணி செய்த சயீத் இப்னு அய்யூப் என்பாரின் பெயரைக் கல்வெட்டு இன்றும் சுமந்து நிற்கிறது. சுவருக்கு முட்டுக் கொடுத்தவனின் பெயரைக் கலீபாவின் பெயரோடு பொறித்து வைத்த சமுதாயம் அது!

ஆட்சி மாறிய பின்னும் கல்லைத் தொட்ட கைகளிற் பல நம் கைகளே. 1263இல் பத்தாம் அல்போன்சு மன்னர், குர்துபாவில் வாழ்ந்த முஸ்லிம் கொத்தர்களும் தச்சர்களும் ஆண்டுக்கு இரண்டு நாள் அக்கட்டடத்தில் வேலை செய்ய வேண்டுமென ஆணையிட்டார். தம் பள்ளி பேராலயமாய்விட்ட பின்னர் அதன் கல்லுக்குச் சாந்து பூசிய அம்மனிதர்களின் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! பூசினார்கள் என்பதே செய்தி.

1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கே, பள்ளியின் நடுவே தூண்களை அகற்றி உயர்ந்த ஆலய மண்டபம் எழுப்பத் தொடங்கினார். எதிர்த்தவர் யார்? அந்நகரத்துக் கிறித்தவ நகர்மன்றத்தார். அவ்வேலையிற் கைவைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று பறைசாற்றும் அளவுக்கு அவர்கள் சென்றனர். பேரரசர் ஐந்தாம் சார்லசு ஆயருக்கே தீர்ப்பளித்தார், மண்டபமும் எழுந்தது. பின்னர் நேரில் கண்ட பேரரசர், உலகில் எங்குமில்லாத ஒன்றை எங்குமுள்ள ஒன்றுக்காக அழித்தீரே என்று வருந்தியதாக ஒரு கூற்று வழங்கிவருகிறது. கல்லை அழிக்கும் மடமையும் காக்கும் அறிவும் எந்த ஒரு சமயத்தார்க்கும் தனியுரிமையல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1882இல் ஸ்பெயின் அரசு அதனைத் தேசியச் சின்னமாக்கியது. 1887 முதல் 1923இல் தாம் இறக்கும்வரை ரிக்கார்தோ வெலாஸ்கேஸ் போஸ்கோ என்னும் கட்டடக் கலைஞர் அதனைப் பழுதுபார்த்தார். சிதைந்து கிடந்த வாயில்களை மீட்டுத் தந்த பெருமை அவருடையது. ஆனால் கிழக்கு வாயில்களில் அவர் புதுச்செதுக்கலை மிகுதியாக வைத்துவிட்டார்; எது பழையது, எது அவர் செய்தது எனக் காண்போர் மயங்குகின்றனர் என்ற குறை இன்றுவரை சொல்லப்படுகிறது. அத்தகைய பிழைகளிலிருந்தே உலகம் பாடம் கற்றது. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், புதிதாய் வைக்கும் கல் புதியதென அடையாளம் தெரியவேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் பணி நின்றுவிட வேண்டும் என நெறி வகுத்தனர். குர்துபாவின் மணிக்கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மினாராவை உள்ளே பொதிந்து எழுந்த கோபுரம் அது. அதனைப் பழுதுபார்க்கும் பணி 1991இல் தொடங்கி 2014இல்தான் நிறைவுற்றது. ஒரு கோபுரத்தின் கல்லைச் செப்பனிட இருபத்துமூன்று ஆண்டுகள்! நாமோ மூன்று வாரத்தில் ஒரு பள்ளியையே இல்லாமல் ஆக்குகிறோம்.

விரித்தார்கள், தூர்க்கவில்லை

'தொழுவோர் பெருகிவிட்டனர், இடம் போதவில்லை, ஆகவே இடிக்கிறோம்' என்பதே நம் நிருவாகத்தார் முதலாவதாகச் சொல்லும் காரணம். தேவை உண்மையானதே. அதற்கான விடையும் குர்துபாவிலேயே இருக்கிறது.

அப்பள்ளி மும்முறை விரிவாயிற்று. இரண்டாம் அப்துர் ரஹ்மான் கிப்லாச் சுவரைத் திறந்து தெற்கே நீட்டினார். முன்னோர் வைத்த தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இரண்டாம் ஹகம் 960களில் மேலும் தெற்கே நீட்டியபோது, முந்தைய மிஹ்ராபின் நான்கு தூண்களை எடுத்துத் தம் புதிய மிஹ்ராபின் வாயிலில் நிறுத்தினார். பேரரசர் அனுப்பிய பைஸாந்தியக் கைவினைஞரும் பொன்பதித்த கண்ணாடிச் சில்லுகளும் அவருக்குக் கிடைத்திருந்தன; எனினும் முன்னோரின் நான்கு தூண்களையே தம் மிஹ்ராபின் தோள்களாக வைத்துக்கொண்டார். இதனையன்றோ அடக்கம் என்பது!

மூன்றாவதாக, 987ஐ ஒட்டி அல்-மன்சூர் விரித்தார். தெற்கே ஆறு, அரபியர் வாதீ அல்-கபீர், பேராறு, என்றழைக்க, ஸ்பெயின் நாட்டார் நாவில் குவாதல்கிவிர் ஆனது. மேற்கே அரண்மனை. எனவே கிழக்கே விரித்தார். அதனால் மிஹ்ராப் பள்ளியின் நடுவில் அமையாமல் ஒருபுறம் ஒதுங்கிற்று. கிழக்கில் வாழ்ந்தோரின் வீடுகளை விலை கொடுத்தே வாங்கினார். பேரீச்சமரமுள்ள வீடு ஈடாகக் கிடைத்தாலன்றித் தன் வீட்டைத் தரமாட்டேன் என்ற ஒரு மூதாட்டிக்கு அத்தகைய வீடே தேடித் தரப்பட்டது என மக்கரீ எழுதுவார். அதே பணியில் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டதையும் அவ்வரலாறு மறைக்கவில்லை. பெருமையைச் சொல்லும் நாம் அதனையும் சொல்லுதல் கடன். ஆனால் இடநெருக்கடிக்கு அவர்கள் கண்ட வழி தெளிவானது: பக்கத்து நிலத்தை வாங்கு, சுவரைத் திற, தூணைத் தொடாதே.

நம்மூர்களில் பக்கத்து மனையை வாங்கப் பணமில்லை என்பர். நான்கு அடுக்குப் பள்ளிக்கும் வானளாவும் மினாராவுக்கும் பளிங்குக்கும் பணமிருக்கிறது!

சொல்லப்படும் மற்றச் சாக்குகள்

'இஸ்லாத்தில் கல்லுக்கு என்ன புனிதம்? தொழுகைக்குத் தூய்மையான தரை போதும்' என்பார் உளர். கல்லை வணங்குமாறு நாம் கூறவில்லை. வக்ஃபைக் காக்குமாறு கூறுகிறோம். கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலப்பொருளை நிறுத்தி வைத்து அதன் பயனை அறம் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் உயிர்நாடி இதுவே. நம் ஷாபியீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் வக்ஃபுப் பொருளின் தன்மையை மாற்றலாகாது என்றே 'ரவ்ழா'வில் எழுதியிருக்கிறார்கள். இடிந்து விழப்போவதைப் புதுப்பிக்கச் சட்டம் தடுக்கவில்லை. அதனை நாமும் அறிவோம். நின்றுகொண்டிருப்பதை வீழ்த்த யார் அனுமதித்தது? முத்தவல்லி என்பவர் பொறுப்பாளரேயன்றி உடைமையாளர் அல்லர். தூணை நிறுத்தியவர் இன்று கணக்குக் கேட்க வரமாட்டார், மறுமையில் வருவார்.

அல்லாஹ்வின் பள்ளிகளைப் பரிபாலிப்போர் யார் என்று திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுமிடத்தில் அமைந்த வினைச்சொல்லின் வேர் ஐன், மீம், ரா. அவ்வேரிலிருந்தே இமாரத் என்னும் கட்டடமும், மிஃமார் என்னும் கட்டடக் கலைஞனும், உம்ரு என்னும் ஆயுளும் பிறந்தன. வாழச் செய்தலும் கட்டுதலும் பழுதுபார்த்தலும் அரபு மொழிக்கு ஒரே குடும்பம். ஆயுளை நீட்டுவதே இமாரத்; ஆயுளை முடிப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

'மதீனாவின் பள்ளியையே கலீபாக்கள் இடித்துக் கட்டவில்லையா?' என்று கேட்பர். கேட்பவர் ஹதீஸை முழுதும் படிக்கட்டும். உமர் (ரலி) அவர்கள் விரிவாக்கியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து அமைப்பின்படியே பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மட்டையாலும் கட்டினார்கள். மக்களை மழையிலிருந்து காத்தால் போதும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் குலைக்காதே என்றும் எச்சரித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் காரையும் தேக்கும் கொண்டு மாற்றினார்கள். உண்மையே. மண்ணைக் கல்லாக்கினார்கள். நீங்களோ கல்லை எடுத்துவிட்டுத் துருவேறும் கம்பியைத் தருகிறீர்கள்! கடற்கரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்க, கான்கிரீட்டுக் கூரை பொரிந்து ஸஃப்பின் மேல் உதிரும் காட்சியை நம்மில் பலர் ஒரே தலைமுறையிற் கண்டிருக்கிறோம்.

கஃபாவையே ஒவ்வொருவர் ஒவ்வொரு வகையாய் மாற்றிக் கட்ட, அப்பாஸியக் கலீபா ஒருவர் மீண்டும் மாற்ற எண்ணினார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ்வின் இல்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும் என அஞ்சினார்கள். நம் பள்ளிகள் இன்று புதிதாய்ப் பதவியேற்கும் ஒவ்வொரு நிருவாகக் குழுவின் விளையாட்டுப் பொருளாகி நிற்கின்றன.

மூன்றாவது சாக்கு, 'கல்லுப்பள்ளி கோயிலைப்போல் இருக்கிறது' என்பது. இதனைக் கேட்கும்போது நாம் வெட்குகிறோம். குர்துபாவின் தூண்களிற் பல ரோமர், விஸிகோத்தியர் கட்டடங்களிலிருந்து வந்தவை. குதிரைலாட வளைவு அந்நிலத்தில் முன்பே வழங்கியது. அந்தலூஸ் முஸ்லிம்கள் அந்நிலத்தின் கல்லையும் கைவேலையையும் ஏற்று, அதிற் சிரம் தாழ்த்தித் தொழுதார்கள். நம் முன்னோரும் அதனையே செய்தனர். தமிழ்க் கல்தச்சனின் உளியை ஏற்றனர். உருவங்களை விலக்கிப் பூவும் கொடியும் பொறித்தனர். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள். அத்தூண்களில் ஈமானுக்கு எந்த இழுக்கு நேர்ந்துவிட்டது? பச்சை வண்ணக் குவிமாடம் வைத்தால்தான் பள்ளி என்பீராயின், பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியில் குவிமாடம் இருந்ததா? பேரீச்ச மரத் தண்டே தூண், ஓலையே கூரை. மெஹர்தாத் ஷுகூஹி என்னும் ஆய்வாளர் சோழமண்டலக் கரையிலும் மலையாளக் கரையிலும் ஊர் ஊராய் அலைந்து, நம் பள்ளிகளை அளந்து வரைந்து 2003இல் பெருநூல் வெளியிட்டார். அயலார் அளந்து எழுதிவைத்ததை நாம் கோயில் என்று இகழ்ந்து இடிக்கிறோம்!

சிமெண்டு என்னும் அன்பளிப்பு

இடிக்காமல் 'பழுதுபார்க்கும்' ஊர்களும் உண்டு. அங்கே நடப்பது சில வேளைகளில் இடிப்பினும் கொடியது. தூணுக்கு எண்ணெய் வண்ணம், சுவருக்கு ஓடு, விரிசலுக்குச் சிமெண்டு. நன்மை நாடியே செய்கின்றனர். ஆகையால் இதனைச் சற்று விளக்குவோம்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரிவளி வெளியேறும். நீற்றிக் குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே கரிவளியைத் திரும்பப் பெற்று மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகும். அக்காரை மூச்சு விடும். சுவரிலுள்ள ஈரத்தை வெளியே விடும். கட்டடம் சிறிது அசைந்தால் தானும் இசையும். நம் கொத்தனார்கள் கிளிஞ்சற் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்தது இதற்காகவே. 1824இல் இங்கிலாந்தில் உரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்டு வேறு சாதி. அது மென்கல்லைவிடக் கடினம். ஈரத்திற்கு வழி விடாது. கல்லிணைப்பில் அதனை அடைத்தால், இணைப்பு வழியே வெளியேற வேண்டிய ஈரம் கல்லின் வழியே வெளியேறும். உப்பும் கல்லிலேயே படியும். சில ஆண்டில் சிமெண்டு கம்பீரமாய் நிற்க, அதனைச் சுற்றியுள்ள கல் குழிந்து உதிரும். சாந்து கல்லுக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். கல் சாந்துக்காகத் தேயக் கூடாது. ஐரோப்பியப் பேராலயங்கள் பலவற்றிலும் இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டு திணித்து, பிழையுணர்ந்து, அதனை விரல் விரலாய்த் தோண்டியெடுத்துச் சுண்ணாம்புக்கே மீண்டனர். கருங்கல் வலியதாயிற்றே என்பீர். கல் வலியதே, அதனை இணைக்கும் காரையும், கூரைமேல் பரப்பிய செங்கற்சல்லித் தளமும் மென்மையானவை. அவை கெட்டால் மழை உள்ளே இறங்கும்.

இரும்பும் அவ்வாறே. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். கேட்டுக் கல்லைப் பிளக்கும். ஏதென்சு நகரத்துப் பார்த்தினானை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினர். அவை துருவேறிப் பளிங்கை வெடிக்கச் செய்தன. அவற்றைக் களைந்து டைட்டேனியம் என்னும் துருவேறா உலோகத்தை வைக்கும் வேலை பல பத்தாண்டுகளாய் நடந்துவருகிறது.

பேராலயங்களைக் காக்கும் மற்றொரு வழக்கத்தையும் நாம் அறிதல் நலம். பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரப் பேராலயத்திற்கென்றே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் ஓர் அறக்கட்டளை இயங்கிவருகிறது. மக்கள் விட்டுச் சென்ற நிலமும் வீடும் அதன் முதல். அதன் வருவாயில் கல்தச்சர் பட்டறை ஒன்று தலைமுறை தலைமுறையாய் உளியோசை ஓயாமல் நடக்கிறது. இத்தகைய பட்டறைகளை 2020இல் யுனெஸ்கோ உலகுக்கு முன்மாதிரி எனப் பதிவு செய்தது. மூலத்தை நிறுத்திப் பயனைச் செலவிடும் இவ்வேற்பாடு வக்ஃபு அன்றி வேறென்ன? அத்தத்துவத்திற்கு உரியவர் என்று மார்தட்டும் நாம், பள்ளியின் கடை வாடகையில் ஒரு கல்தச்சனையாவது வளர்த்ததுண்டா?

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நிற்பது எழுத்துக்கு அறமன்று. ஜமாஅத்தார்க்கு நாம் சொல்வன சிலவே.

முதலில், எந்தக் கல்லையும் தொடுமுன் பள்ளியை அளந்து வரையுங்கள்; படம் எடுங்கள். சுண்ணாம்புப் பூச்சிற்குள் அரபியிலோ தமிழிலோ கல்வெட்டு மறைந்திருக்கலாம். கற்றவரை அழைத்துப் படிக்கச் செய்யுங்கள்.

இரண்டாவதாக, மழைநீரைக் கவனியுங்கள். கல்லின் பெரும்பகை நீர். மேல்தளத்துத் தூம்புகளை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் தூர் எடுத்தாலே பாதி நோய் தீரும். தளத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். ஒழுகும் தளத்தைச் சுண்ணாம்புக் காரையாலும் தட்டோட்டாலும் செப்பனிடுங்கள்.

மூன்றாவதாக, எண்ணெய் வண்ணம் பூசாதீர். பூசியதை நீக்க மணல் வீச்சு எந்திரத்தையோ அமிலத்தையோ கொண்டு வராதீர். அழுக்கோடு செதுக்கலும் போய்விடும். ஒரு தூணை மாற்றியே ஆகவேண்டுமெனில், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு எடுத்து, உடைந்த துண்டையும் பள்ளி வளாகத்திலேயே வைத்துக் காப்பாற்றுங்கள். சாக்கடைக்குப் பாலமாக்காதீர்.

நான்காவதாக, இடம் போதாதெனில் பக்கத்தில் விரியுங்கள். பழைய உள்பள்ளி உள்பள்ளியாகவே இருக்கட்டும். மிஹ்ராப் ஒருபுறம் ஒதுங்கி நின்றாலும் தொழுகை கூடும் என்பதற்கு அல்-மன்சூரின் பள்ளி சாட்சி.

இல்லந்தோறும் இவ்விதழைப் படிக்கும் பெரியோர்களும் தாய்மார்களும் ஒன்று செய்யலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஊர் வரும்போது அவர்கள் கைப்பொருளைப் பள்ளிக்குக் கொடுக்கின்றனர். கொடுக்கட்டும். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இப்பணம் கட்டவா, இடிக்கவா? அந்த ஒரு கேள்வி பல கடப்பாரைகளைத் தடுத்து நிறுத்தும்.

குர்துபாவை நாம் இழந்தோம், மெய்யே. வாளால் இழந்தோம். அயலார் கையிற் சென்ற பின்னும் அதன் கல் நிற்கிறது; மிஹ்ராப் ஒளிர்கிறது; பழுதுபார்த்த சயீத் இப்னு அய்யூபின் பெயரை இன்றும் படிக்க முடிகிறது. நம் கல்லுப்பள்ளிகளை எந்த வாளும் கவரவில்லை. நம் கையெழுத்திட்ட தீர்மானத்தால் நாமே இழக்கிறோம். படிப்பதற்கு ஓர் எழுத்தும் எஞ்சாமல் இழக்கிறோம். நாளை நம் பேரன்மார் இரங்கற்பாப் பாட நினைத்தால், எந்தக் கல்லின்மேல் கைவைத்துப் பாடுவார்கள்?

தன் இல்லங்களைப் பரிபாலிக்கும் நல்லறிவையும், தவறு கண்டவிடத்து வாய் திறக்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியார்க்கும் அருள்வானாக! ஆமீன்.